மூன்று உருவங்கள் தாங்கும் கிண்ணம்: பழைய டீக்கி கிண்ணங்களின் ஏல விலை பற்றி

உங்கள் கேள்வியை முதலில் என் சொற்களில் எடுத்து வைக்கிறேன். பக்கத்துத் தெருவில் ஒரு முதியவர் காலமானபின் அவர் வீட்டுச் சாமான்களை விற்றபோது, குந்தியிருக்கும் மூன்று உருவங்கள் தாங்கி நிற்கும் ஒரு பழுப்பு நிறப் பீங்கான் கிண்ணத்தை 15 டாலருக்கு வாங்கியிருக்கிறீர்கள். அதன் அடிப்பக்கத்தில் ட்ரேடர் விக்ஸ் என்ற உணவகத்தின் பெயர் பதிந்திருக்கிறது. இதைப் போன்றவை பல நூறு டாலருக்கு ஏலம் போவதைப் பிறகு இணையத்தில் பார்த்துவிட்டு, இந்த விலை இன்னும் ஏறுமா, இப்போதே நாலைந்து கிண்ணங்களை வாங்கி வைத்தால் பின்னால் லாபம் கிடைக்குமா என்று கேட்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. உங்கள் கையில் இருப்பது உண்மையில் எந்தப் பொருள் என்பது ஒன்று. அந்தப் பொருளை விரும்பி வாங்க நாளைக்கும் ஆள் இருப்பார்களா என்பது மற்றொன்று. முன்னதற்குக் கையாலும் கண்ணாலும் சோதித்து உறுதியான விடை காண முடியும். பின்னதற்குக் காரணங்களை எடுத்துச் சொல்லலாமே தவிர யாரும் உத்தரவாதம் தர முடியாது.

நான் விருத்தாசலத்தில் பீங்கான் தொழில்நுட்பம் படித்தவன். கடந்த 22 ஆண்டுகளாகக் கலிபோர்னியாவில் உடைந்த பீங்கான் பொருள்களைச் செப்பனிடுவதும், வாங்க நினைப்பவர்களுக்காகப் பொருளைப் பரிசோதித்துச் சொல்வதும்தான் என் தொழில். முன்பெல்லாம், டீக்கி என்று சொல்லப்படும், பசிபிக் தீவுச் சிற்பங்களைப் போல உருவம் வார்த்த குவளையோ கிண்ணமோ எப்போதாவதுதான் என் மேசைக்கு வரும். இப்போது மாதம் தவறாமல் வருகின்றன. மண், மெருகு (மேலே பூசிச் சுட்ட கண்ணாடிப் பூச்சு), விரிசல், ஒட்டு (உடைந்ததை ஒட்டிச் சரிசெய்த இடம்) ஆகியவற்றைப் பற்றி நான் சொல்வதை நீங்கள் நம்பி எடுத்துக்கொள்ளலாம். விலையைப் பற்றிச் சொல்வது, ஏலங்களைத் தொடர்ந்து கவனித்து வரும் ஒருவனின் கணிப்பு. அந்த அளவுக்கே அதற்கு மதிப்புக் கொடுங்கள்.

கிண்ணம் எதற்காகச் செய்யப்பட்டது என்பது தெரிந்தால்தான் அதன் விலைக்குக் காரணம் விளங்கும். அமெரிக்காவில் மதுவிலக்கு 1933 டிசம்பரில் நீங்கியது. அதையொட்டி ஹாலிவுட்டில் எர்னஸ்ட் கான்ட் என்பவர், பின்னாளில் டான் தி பீச்கோம்பர் என்று புகழ்பெற்ற சிறிய மதுக்கூடத்தைத் திறந்தார். ரம்மோடு பழச்சாறும் வாசனைப் பொருள்களும் கலந்த பானங்களை, மூங்கிலும் மீன்வலையும் தொங்கும் தென்கடல் தீவுச் சூழலில் பரிமாறும் வழக்கம் அங்கே தொடங்கியது. 1934இல் ஓக்லாந்தில் விக்டர் பெர்ஜரான் தொடங்கிய எளிய உணவகம், சில ஆண்டுகளில் ட்ரேடர் விக்ஸ் என்று பெயர் மாறி அதே வழியில் வளர்ந்தது. இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிய படைவீரர்கள், 1947இல் கோன்-டிக்கி மரத்தெப்பத்தில் தோர் ஹெயர்டால் செய்த கடற்பயணம், 1959இல் ஹவாய் ஒரு மாநிலமாகச் சேர்ந்தது ஆகிய எல்லாம் அந்த மோகத்துக்கு எண்ணெய் வார்த்தன. 1950களில் ஹில்டன் விடுதிகளுக்குள் ட்ரேடர் விக்ஸ் கிளைகள் நுழைந்தன. ஷெரட்டன் விடுதிகளில் ஸ்டீவ் கிரேன் கோன்-டிக்கி என்ற பெயரில் உணவகங்களை நடத்தினார். ஃபுளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேலில் 1956 டிசம்பரில் மாய்-காய் என்ற உணவகம் திறக்கப்பட்டது. ஓஹையோவின் கொலம்பஸ் நகரில் 1961இல் கஹிக்கி என்ற உணவகம் வந்தது. இந்த இடங்களிலெல்லாம் ஒருவர் குடிப்பதற்குக் குவளை. நான்கு பேர் சுற்றி அமர்ந்து நீண்ட உறிஞ்சு குழல்களால் ஒன்றாகக் குடிப்பதற்குக் கிண்ணம். ஸ்கார்ப்பியன் என்ற பானத்துக்கான கிண்ணம், நடுவில் எரிமலை வாய் போல ஒரு மேடு எழும்பி அதில் ரம் எரியும் கிண்ணம், உங்களுடையதைப் போல மூன்று உருவங்கள் தாங்கும் கிண்ணம் என்று சில வடிவங்கள் திரும்பத் திரும்ப வந்தன. பாஸ்டன் வட்டாரத்துச் சீன உணவகங்களில் ஸ்கார்ப்பியன் கிண்ணம் இன்றைக்கும் வழக்கத்தில் இருக்கிறது.

கிண்ணங்கள் ஏன் குவளைகளைவிட அரிதாயின என்பதில்தான் இந்தச் சேகரிப்பின் சாரமே இருக்கிறது. நூறு பேர் அமரும் உணவகத்துக்கு நூற்றுக்கணக்கில் குவளைகள் வேண்டும். பகிர்ந்து குடிக்கும் கிண்ணம் அதில் ஒரு சிறு பங்கு இருந்தால் போதும். எனவே முதலிலேயே குறைவாகத்தான் வாங்கினார்கள். குவளையைப் பல உணவகங்கள் நினைவுப் பொருளாக விற்றன, சில இடங்களில் பானத்தின் விலையிலேயே சேர்த்துக் கொடுத்தன. விற்காத இடங்களிலும் வாடிக்கையாளர் கைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். அப்படிப் போனவைதான் பரண்களிலும் கண்ணாடி அலமாரிகளிலும் பத்திரமாகப் பிழைத்திருக்கின்றன. இரண்டு கைகளாலும் தூக்கவேண்டிய கிண்ணத்தை யாரும் எளிதில் ஒளித்து எடுத்துப் போக முடியாது. அது உணவகத்திலேயே இருந்து, தினமும் பனிக்கட்டி கொட்டப்பட்டு, தட்டுகளோடு மோதி, கழுவும் இயந்திரத்துக்குள் போய் வந்து, கடைசியில் ஒருநாள் உடைந்து குப்பைக்குப் போனது. எரிமலைக் கிண்ணத்தின் நிலை இன்னும் மோசம். நடு மேட்டில் 75 சதவீதச் சாராயம் உள்ள ரம் எரிந்துகொண்டிருக்க, இரண்டு விரற்கடை தூரத்தில் பனிக்கட்டி மிதந்துகொண்டிருக்கும். ஒரே பாத்திரத்தின் ஒரு பகுதி சூட்டில் விரிய, அடுத்த பகுதி குளிரில் சுருங்கியபடியே இருந்தால் பீங்கான் எத்தனை நாள் தாங்கும்? என்னிடம் வந்த எரிமலைக் கிண்ணங்களில் பெரும்பாலானவற்றில், மேட்டின் விளிம்பிலிருந்து கீழ்நோக்கி ஒரு மயிரிழை விரிசல் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். விரிசலுக்குள் பழைய புகைக்கரி இறங்கி, பென்சிலால் கோடு இழுத்தது போலத் தெரியும். விரிசலே இல்லாத எரிமலைக் கிண்ணம் ஒன்று கிடைத்தால் அது அநேகமாகப் பயன்படுத்தப்படாமல் பெட்டியிலேயே இருந்ததாக இருக்கும். அதனால்தான் சேகரிப்பாளர்கள் அதற்காக ஆலாய்ப் பறக்கிறார்கள்.

1970களிலிருந்து இந்த உணவகங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. நியூயார்க் பிளாசா விடுதியில் இருந்த ட்ரேடர் விக்ஸும் போனது. கஹிக்கி 1997இல் தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பதிவேட்டில் இடம்பெற்றும்கூட, 2000இல் ஒரு மருந்துக் கடைக்காக இடிக்கப்பட்டது. உணவகம் போனபின் அதன் பெயர் பொறித்த பொருள் இனி ஒன்றுகூடப் புதிதாக வராது என்பது உறுதியாகிவிடுகிறது. அந்தக் கூடத்தில் திருமண நாள் கொண்டாடியவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் அந்தப் பெயரையே தேடத் தொடங்குகிறார்கள். இதே காலத்தில்தான் இளைய தலைமுறையொன்று இதையெல்லாம் வரலாறாகப் பார்க்கத் தொடங்கியது. 1995இல் ஈபே என்ற இணைய ஏலத் தளம் வந்தது. ஓஹையோவில் ஒரு பாட்டி வீட்டுப் பரணில் இருந்த கிண்ணத்தை லாஸ் ஏஞ்சலஸில் இருப்பவர் ஏலம் கேட்க முடிந்தது. 2000இல் டீக்கி பற்றி ஸ்வென் கிர்ஸ்டன் எழுதிய படநூல் வெளியாகி, அதுவரை வெறும் பழைய சாமானாகப் பார்க்கப்பட்டவற்றுக்கு ஒரு பெயரையும் வரிசையையும் கொடுத்தது. டீக்கி ஓயாசிஸ் போன்ற ஆண்டு விழாக்கள் அதற்குப்பின் வந்தன; 2009இல் சான் பிரான்சிஸ்கோவில் திறந்த ஸ்மக்லர்ஸ் கோவ் போன்ற புதிய மதுக்கூடங்களும் வந்தன. பொருள் குறைந்துகொண்டே போக, விரும்புகிறவர்கள் கூடிக்கொண்டே போனார்கள். விலை ஏற்றத்துக்கு அடிப்படைக் காரணம் இதுவே. இதுவரை நடந்த ஏற்றம் மெய்யானது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் எல்லாக் கிண்ணங்களும் ஏறவில்லை. இங்கேதான் புதிதாக வருபவர்கள் அடிபடுகிறார்கள். ஆர்கிட்ஸ் ஆஃப் ஹவாய் என்ற நியூயார்க் நிறுவனமும், ஓ.எம்.சி. என்ற முத்திரையோடு விற்ற ஒட்டாகிரி நிறுவனமும் ஜப்பானில் செய்வித்த கிண்ணங்களையும் குவளைகளையும் நாடெங்கும் உள்ள உணவகங்களுக்குப் பட்டியல் போட்டு விற்றன. அழகானவை, பழையவை, நல்ல வேலைப்பாடு உடையவைதாம். ஆனால் ஏராளமாக வந்தவை. குறிப்பிட்ட ஓர் உணவகத்துக்கென்றே வடிவமைத்து, அதன் பெயரைப் பதித்துச் செய்தவை வேறு வகை. அந்த உணவகம் சிறியதாகவும் குறுகிய காலம் இருந்ததாகவும் இருந்தால் விலை பல மடங்காகும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது உங்களுடைய வகை. ட்ரேடர் விக்ஸ் பெரிய நிறுவனம். ஒரே வடிவத்தைப் பல பத்தாண்டுகள், வெவ்வேறு தொழிற்சாலைகளில், வெவ்வேறு மெருகுகளில் செய்வித்தது. கலிபோர்னியாவின் எல் செரிட்டோவில் இருந்த டெப்கோ ஆலை அவற்றில் ஒன்று. விடுதிகளுக்கான தடித்த, வலுவான பீங்கானுக்குப் பெயர் பெற்ற அந்த ஆலை நின்றுபோய் அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. அதன் முத்திரை இருந்தால் அதற்கென்றே தனி ஆள்கள் இருக்கிறார்கள். ஆகவே ‘ட்ரேடர் விக்ஸ் கிண்ணம் இவ்வளவுக்குப் போனது’ என்ற செய்தியை மட்டும் வைத்துக்கொண்டு உங்கள் கிண்ணத்துக்கு விலை போட முடியாது. எந்தக் காலத்தது, எந்த ஆலையினுடையது என்று தெரிய வேண்டும்.

எத்தனை கிண்ணங்கள் செய்யப்பட்டன என்பதற்குப் பெரும்பாலும் கணக்கே கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ‘உலகத்திலேயே ஐந்துதான் இருக்கிறது’ என்று விற்பவர் எழுதினால், ‘எனக்குத் தெரிந்து ஐந்து’ என்று மனதுக்குள் திருத்திப் படியுங்கள். சேகரிப்பாளர்கள் தங்களிடம் இருப்பதைப் பதிந்து வைக்கும் இணையப் பட்டியல் தளங்கள் உண்டு. ஒரு பொருளை எத்தனை பேர் வைத்திருப்பதாகச் சொல்கிறார்கள் என்று அங்கே பார்ப்பது, விற்பவரின் வர்ணனையைவிட நம்பகமான அளவுகோல். அதுவும் முழுமையானதன்று. மூடிப்போன உணவகத்தின் கிடங்கிலிருந்து பிரிக்கப்படாத பெட்டிகள் வெளியே வந்தால், ஐந்து என்று நினைத்தது ஐம்பதாகிவிடும். அப்படிப் பெட்டி திறக்கும் நாளில் விலை எப்படிச் சரியும் என்பதற்குத் தனியே விளக்கம் வேண்டியதில்லை.

இப்போது அசலா நகலா என்ற கேள்விக்கு வருகிறேன். இந்தக் கிண்ணங்கள் சக்கரத்தில் வனையப்பட்டவை அல்ல. பிளாஸ்டர் அச்சுக்குள் களிமண் கூழை ஊற்றி வார்க்கப்பட்டவை. அச்சு கூழிலுள்ள நீரை உறிஞ்சிக்கொள்ள, சுவரோடு ஒட்டி மண் கெட்டிப்படும். மிச்சக் கூழை வடித்துவிட்டு, காயவைத்து, சூளையில் சுடுவார்கள். காயும்போதும் சுடும்போதும் மண் சுருங்கும். மண்ணின் வகையைப் பொறுத்து அது 6 முதல் 13 சதவீதம் வரை இருக்கும். நகல் செய்பவருக்குப் பழைய மூல அச்சு கிடைப்பதில்லை. கடையில் வாங்கிய அசல் கிண்ணத்தின் மேலேயே புது அச்சு எடுப்பார். அந்த அச்சில் வார்த்துச் சுட்டால், வருவது அசலைவிடச் சிறியதாகத்தான் இருக்கும். அசல் 20 சென்டிமீட்டர் அகலம் என்றால் நகல் 18 சென்டிமீட்டர் அளவில் நிற்கும். படத்தில் இது தெரியவே தெரியாது. அளவுகோல் வைத்தால் உடனே தெரிந்துவிடும். ஆகவே தூரத்திலிருந்து வாங்கும்போது நான் கேட்கச் சொல்லும் முதல் தகவல் அகலம், உயரம், எடை ஆகிய மூன்றும்தான். இரண்டாவதாக, உருவங்களின் கண், பல், விரல் போன்ற நுணுக்கமான இடங்களைப் பாருங்கள். அச்சின் மேல் அச்சு எடுக்கும்போது ஓரங்கள் மழுங்கும். மெருகு அந்தப் பள்ளங்களில் தேங்கி இன்னும் மொழுக்கென்று ஆக்கிவிடும். ஒரு எச்சரிக்கை: அசல் ஆலையிலேயே அச்சு தேயத் தேயக் கடைசியாக வார்த்தவை மழுங்கலாகத்தான் இருக்கும். மழுங்கலை மட்டும் வைத்து நகல் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அளவும் குறைந்து மழுங்கலும் இருந்தால் சந்தேகப்படுங்கள். ஜப்பானில் செய்த பலவற்றில் நாட்டின் பெயர் ஒட்டிய காகிதச் சீட்டாக மட்டுமே இருந்தது, அது கழுவிக் கழுவிப் போயிருக்கும். எனவே முத்திரை இல்லை என்பதால் மட்டும் போலியும் ஆகாது.

குறை இருக்கிறதா என்று பார்ப்பதற்கு நம் ஊரில் பானை வாங்கும்போது செய்கிற சோதனையே முதல் சோதனை. கிண்ணத்தை உள்ளங்கையில் வைத்து, விரல் மூட்டால் விளிம்பில் மெல்லத் தட்டுங்கள். நன்றாகச் சுட்ட, கீறல் இல்லாத கிண்ணம் கணீரென்று ஒலித்து ஒலி சற்று நீளும். விரிசல் இருந்தால் ‘டொப்’ என்று அடங்கிவிடும். மூன்று உருவங்கள் தாங்கும் கிண்ணத்தில் உருவங்கள் ஒலியை அடக்கும் என்பதால், ஒரே இடத்தில் தட்டி முடிவு செய்யாமல் விளிம்பைச் சுற்றி ஏழெட்டு இடங்களில் தட்டி ஒப்பிடுங்கள். அடுத்து இருட்டறையில் புற ஊதா விளக்கை அடித்துப் பாருங்கள். பத்துப் பதினைந்து டாலருக்குச் சிறிய கைவிளக்கே கிடைக்கிறது. பழைய மெருகு ஒரே சீராகத் தெரியும். பிற்காலப் பசையும் வண்ணமும் பூசிய இடம் பெரும்பாலும் வேறு நிறத்தில் ஒளிரும். ஒளிராத பசைகளும் இப்போது வந்துவிட்டன என்பதால் இதுவும் முற்றான சோதனை இல்லை.

இதை நானே விலை கொடுத்துக் கற்றேன். 2011இல் ஓர் ஏல நிறுவனத்தின் விவரப் பட்டியலில் ‘குறை ஏதும் இல்லை’ என்று எழுதியிருந்த எரிமலைக் கிண்ணம் ஒன்றை, படத்தை மட்டும் பார்த்து எனக்காகவே ஏலத்தில் எடுத்தேன். பார்சல் பிரித்த அன்று இரவு விளக்கை அணைத்துவிட்டுப் புற ஊதா ஒளியில் பார்த்தபோது, எரிமலை வாயைச் சுற்றிக் கட்டைவிரல் நக அகலத்துக்கு ஒரு வளையம் வெளிறிய நீலமாக ஒளிர்ந்தது. பஞ்சில் அசிட்டோனைத் தொட்டு ஓரத்தில் துடைத்தேன், பஞ்சு பழுப்பாகியது, அடியில் வெள்ளைப் பூச்சு எட்டிப் பார்த்தது. வாயின் விளிம்பு முழுவதுமே பிற்காலத்தில் கட்டி எழுப்பியது. நிறுவனத்துக்கு எழுதினேன், பொருள் ‘உள்ளது உள்ளபடி’ விற்கப்பட்டது, விவரப் பட்டியல் உத்தரவாதம் ஆகாது என்று விதியைக் காட்டிவிட்டார்கள். விதியில் அப்படித்தான் இருந்தது. ஏலம் கேட்பதற்கு முன் அதை நான் படித்திருக்க வேண்டும்; நீங்கள் படித்துவிடுங்கள். அந்தக் கிண்ணம் இன்றும் என் பட்டறை அலமாரியில் இருக்கிறது. ஒட்டு எப்படி இருக்கும் என்று வருகிறவர்களுக்கு அதைத்தான் எடுத்துக் காட்டுகிறேன்.

விலைக்கு வருவோம். கேட்கும் விலை வேறு, விற்ற விலை வேறு. ஈபேயில் ஆண்டுக்கணக்கில் விற்காமல் கிடக்கும் கிண்ணத்துக்கு யானை விலை போட்டிருப்பார்கள். அதைப் பார்த்து உங்கள் பொருளுக்கு மதிப்புப் போடாதீர்கள். முடிந்த விற்பனைகளை மட்டும் காட்டும்படி தேடலாம். சுமார் 90 நாள் வரைக்குமான விற்பனைகள் அதில் கிடைக்கும். அதிலும் பேரம் பேசி முடித்தவற்றில், முதலில் கேட்ட விலை கோடிட்டு அடிக்கப்பட்டிருக்குமே தவிர, கடைசியாக ஒத்துக்கொண்ட தொகை தெரியாது. இன்னொரு நுட்பம் ஏலம் நடக்கும் விதத்திலேயே இருக்கிறது. ஏலத்தில் வெல்பவர் எவ்வளவு தரத் தயாராக இருந்தார் என்பது வெளியே தெரிவதில்லை. அவருக்கு அடுத்தவர் எதுவரை வந்தார் என்பதே விலையை முடிவு செய்கிறது. ஒரு கிண்ணம் இல்லாமல் வரிசை நிறையாத சேகரிப்பாளர்கள் இரண்டு பேர் ஒரே இரவில் மோதினால் விலை விண்ணைத் தொடும். மறுமாதம் அதே வடிவில் இன்னொன்று வரும்போது, வென்றவர் போட்டியில் இருக்க மாட்டார். தோற்றவர் மட்டுமே இருப்பார், அவருக்கு எதிரே ஆள் இல்லாததால் பாதி விலைக்கே கிடைத்துவிடும். இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். நாலைந்து விற்பனைகளை வரிசையாகப் பார்த்தால்தான் விலையின் போக்குத் தெரியும். ஒரேயொரு பெரிய தொகை எதையும் நிரூபிக்காது.

லாபக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஓர் ஏல நிறுவனத்தில் கிண்ணம் 800 டாலருக்கு முடிகிறது என்று வையுங்கள். வாங்குபவரிடம் 25 சதவீதக் கட்டணம் பிடித்தால் உங்கள் கையிலிருந்து போவது 1,000 டாலர். விற்பனை வரியும் அனுப்பும் செலவும் தனி. சில ஆண்டுகள் கழித்து அதே நிறுவனத்தில் விற்கிறீர்கள், விற்பவரிடம் 20 சதவீதம் பிடிக்கிறார்கள் என்றால், நீங்கள் போட்ட 1,000 டாலர் திரும்பி வரவே ஏலம் 1,250 டாலருக்கு முடிய வேண்டும். அதாவது, ஏல விலை 800இலிருந்து 1,250க்கு, 56 சதவீதம் ஏறினால்தான் நீங்கள் நஷ்டமில்லாமல் வெளியே வருகிறீர்கள். சதவீதங்கள் இடத்துக்கு இடம் மாறும். ஆனால் கணக்கின் போக்கு மாறாது. இதற்குமேல் ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்ற சேகரிப்புப் பொருளின் லாபத்துக்கு அமெரிக்க மத்திய வரி 28 சதவீதம் வரை போகலாம். பங்குகளுக்கு உள்ள குறைந்த விகிதம் இதற்குக் கிடையாது. செய்தியில் வரும் ஏறிய விலைகளுக்கும் ஒருவர் பையில் விழும் தொகைக்கும் நடுவில் இவ்வளவு இடைவெளி இருக்கிறது. 15 டாலருக்கு வாங்கிய நீங்கள் இந்தக் கணக்கில் பாதுகாப்பான பக்கத்தில் இருக்கிறீர்கள். ஆனால் இனி வாங்கப்போகும் நாலைந்து கிண்ணங்கள் ஏல விலைக்குத்தான் வரும்.

இனிமேலும் ஏறுமா என்பதுதான் சந்தேகத்துக்கு உரிய பகுதி. இருக்கும் பொருள்கள் ஆண்டுதோறும் கொஞ்சம் உடைந்து குறைகின்றன, புதிதாக ஆர்வலர்கள் வருகிறார்கள், மாய்-காய் 2020இல் மூடப்பட்டு நான்கு ஆண்டு கழித்து 2024இல் மீண்டும் திறந்தபோது கிடைத்த வரவேற்பே இந்த ஆர்வம் மங்கவில்லை என்பதைக் காட்டுகிறது என்பவை ஏறும் என்பதற்கான வாதங்கள். மறுபக்கத்திலும் வாதம் உண்டு. 1990களில் சேகரிக்கத் தொடங்கிய முதல் தலைமுறைக்கு இப்போது வயதாகிவிட்டது. அவர்களுடைய நூற்றுக்கணக்கான பொருள்கள் அடுத்த இருபது ஆண்டில் ஒவ்வொரு தொகுப்பாகச் சந்தைக்கு வரும். பழைய உணவகங்களில் நேரில் உட்கார்ந்து குடித்தவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். என் கணிப்பைக் கேட்டால், குறையில்லாத, பெயர் பொறித்த, சிறிய உணவகத்துக் கிண்ணங்கள் தங்கள் விலையைத் தக்கவைக்கும், ஏறவும் கூடும். பட்டியலில் விற்ற பொதுவான கிண்ணங்களும் ஒட்டுப்போட்டவையும் இருக்கும் இடத்திலேயே நிற்கும் அல்லது இறங்கும். புதிதாக எண் போட்டு வெளியிடும் குறைந்த எண்ணிக்கைக் கிண்ணங்களைப் பழையவற்றோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அவை சேர்த்து வைப்பதற்காகவே வாங்கப்படுபவை. யாரும் உடைப்பதில்லை, எனவே எல்லாமே பிழைத்திருக்கும். வெளியான வாரத்தில் இருக்கும் விலை அடுத்த ஆண்டு இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

ஒரு விஷயத்தை விடாமல் சொல்ல விரும்புகிறேன். டீக்கி என்பது மவோரி மக்களிடம் முதல் மனிதனின் பெயர், செதுக்கிய மனித உருவத்தின் பெயர். மார்க்கேசஸ் தீவிலும் ஹவாயிலும் அதே வேரிலிருந்து வந்த சொற்கள் முன்னோரையும் தெய்வங்களையும் குறிக்கும் சிற்பங்களுக்கு வழங்குகின்றன. உங்கள் கிண்ணத்தில் இருப்பது அந்தச் சிற்பங்களைப் பார்த்து அமெரிக்க உணவகத்துக்காக வரைந்த கற்பனை. இது பசிபிக் மக்களின் கலைப்பொருள் ஆகாது. அமெரிக்கர்கள் பசிபிக்கைப் பற்றிக் கண்ட கனவின் பொருள். அதை அந்த உருவங்களுக்கு உரியவர்கள் எல்லாரும் ரசிப்பதில்லை, அந்த வருத்தம் நியாயமானது. விற்பனைக் குறிப்புகளில் இந்த வேறுபாட்டை அழித்துவிடும் வழக்கம் உண்டு. சமோவாவிலும் ஃபிஜியிலும் சடங்கோடு காவா என்ற வேர்ப் பானத்தைப் பகிரும் பல கால்கள் கொண்ட மரக்கிண்ணமான தானோவாவையும், காவா கிண்ணம் என்ற பெயரில் உணவகங்கள் ரம் ஊற்றிக் கொடுத்த பீங்கானையும் ஒரே மூச்சில் ‘பாலினேசியக் கிண்ணம்’ என்று எழுதுவார்கள். இரண்டும் வேறு, விலை நிர்ணயிக்கும் ஆள்களும் வேறு.

உங்கள் கிண்ணத்தைப் பற்றி முடிவாக இவ்வளவு சொல்கிறேன். அதைப் பளபளப்பாக்க வெளுப்பு நீரில் ஊறவைக்காதீர்கள். மெருகில் நுண்ணிய வலைக்கோடுகள் இருந்தால் அந்த நீர் உள்ளே இறங்கி, காயும்போது உப்பாகப் பூத்து மெருகையே பெயர்த்துவிடும். வெதுவெதுப்பான நீரும் மென்மையான துணியும் போதும். அதில் எலுமிச்சையோ அன்னாசியோ கலந்த எதையும் ஊற்றிக் குடிக்காதீர்கள். பாத்திர மெருகிலிருந்து கசியும் ஈயத்துக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் வரம்பு வைத்ததே 1971இல்தான். அதற்கு முந்தைய மெருகுகளில் எதில் ஈயம் இருக்கிறது என்று கண்ணால் சொல்ல முடியாது, புளிப்பு அதை எளிதில் கரைத்து எடுக்கும். பிறகு, விளிம்பின் அகலத்தையும் மொத்த உயரத்தையும் மில்லிமீட்டர் கணக்கில் அளந்து, சமையலறைத் தராசில் எடை பார்த்து, அடிப்பக்கத்து எழுத்துகளைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் நெருக்கமாகப் படம் எடுத்துப் போடுங்கள். எழுத்துகள் மெருகுக்கு அடியில் முத்திரையாக இருக்கின்றனவா, மண்ணிலேயே அழுத்திப் பதிந்தவையா என்பதையும் விரலால் தடவிப் பார்த்துச் சொல்லுங்கள். இவ்வளவும் இருந்தால் அது எந்தக் காலத்து வார்ப்பு என்பதை என்னால் ஓரளவு நெருங்கிச் சொல்ல முடியும். அதுவரை அடுத்த கிண்ணத்துக்கு ஏலம் கேட்காமல் பொறுத்திருங்கள்.